இரண்டாவது ரத்தம், ஒன்று இருபதுக்கு

முதல் ரத்தத்தைப் பத்து இருபதுக்கு எடுத்தார்கள், இரண்டாவதை ஒன்று இருபதுக்கு எடுப்பார்கள், நடுவில் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் என்றால் ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் உள்ள நேரம் என்று டெல்மாவின் உடம்பு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. இவானா பிறந்த ஐந்து மாதமாக அவளிடம் வேறு கடிகாரம் கிடையாது. பிள்ளை இப்போது பக்கத்து வீட்டுப் புனிதாக்காவின் மடியில். இங்கே அவசரப் பிரிவின் நாலாம் கட்டிலில் மாமா, அவள் புருஷனைப் பெற்றவர், சேசடிமை கொரைரா, எழுபத்திரண்டு வயது, தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணி மூட்டைக்கு ஒரு கோடு போட்ட டேலி கிளார்க். அவர் முழங்கை மடிப்பில் வைத்த பஞ்சின் மேல் டெல்மாவின் கட்டைவிரல். "எக்கா, இத நல்லா அமுக்கிப் பிடிங்க, விட்டுராதீங்க" என்று நர்ஸ் மாரிக்கனி அவள் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள். கல்யாணமாகி இரண்டேகால் வருஷத்தில் மாமாவின் தோல் அவள் விரலில் படுவது இதுதான் முதல் தடவை. காப்பி டம்ளரைக்கூட அவள் மேசையில் வைப்பாள், அவர் மேசையிலிருந்து எடுப்பார். பிள்ளையைக் கைமாற்றும்போதுகூடத் தொட்டிலில் போட்டுத்தான் எடுப்பார்கள், அவள் போடுவாள், அவர் எடுப்பார். இப்போது விரலுக்கு அடியில் ஏதோ துள்ளுகிறது, துள்ளி நிற்கிறது, நின்றது என்று பயப்படுவதற்குள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து துள்ளுகிறது, பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலில் முண்டுகிற பிள்ளைகள் மாதிரி, ஐயோ இது ரத்தமா இல்லை என் விரலின் துடிப்பேதானா, எது யாருடையது, அவளுக்குத் தெரியவில்லை. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

முப்பத்தொன்று. அந்த எண்ணைத்தான் டூட்டி டாக்டர் ஃபாஹிமா சொன்னாள், காயல்பட்டினத்துப் பெண், டெல்மாவைவிட ஒரு வயது கூட இருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். "இதயத் தசைக்கு அடி பட்டுச்சுன்னா ரத்தத்துல ஒரு பொருள் கசியும், ட்ரோபோனின்னு பேரு. பதினாலுக்குள்ள இருக்கணும், ஐயாவுக்கு முப்பத்தொண்ணு." பதினாலுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று, இரண்டு மடங்குக்கும் மேல், டெல்மாவின் காதில் கடல் இரைந்தது, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து டாக்டரின் குரல் மறுபடி கேட்டது, "பயப்படாதீங்க, வயசானவங்களுக்கு, அதுலயும் துடிப்பு இப்படித் தாறுமாறா ஓடுறப்ப, கொஞ்சம் கூடத்தான் நிக்கும். ஒரு தடவ பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம். ஏறுச்சுன்னா அட்டாக், உடனே திருநெல்வேலி. அப்படியே நின்னுச்சுன்னா அட்டாக் இல்ல." ஆக ஒன்று இருபது. சுவரில் கடிகாரம் இருக்கிறது, மாமாவின் தலைமாட்டில் மானிட்டர் இருக்கிறது, அதில் பச்சைக் கோடு ஏறும்போதெல்லாம் ஒரு பீப் போட்டு ஏறி இறங்கிக்கொண்டே போகிறது, ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரே மாதிரி இல்லை, சேலைக் கடையில் மீட்டர் வைத்து அளக்காமல் கையால் முழம்போட்ட மாதிரி. கடிகாரம் ஒரே சீராக அடிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் தலை சுற்றுகிறது. அவள் கேட்டாள்.

இதில் சொல்லவே வெட்கமான ஒன்று இருந்தது, அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, பயம் மட்டும் இல்லை, பயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற, கண்ணை விரித்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று. காலையில் மாமா ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தார், "புள்ள" என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை, நெஞ்சில் கைவைத்துக் காட்டினார், சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அவள் பிள்ளையைப் புனிதாக்கா மடியில் போட்டாள், ஆட்டோவை மறித்தாள், பீச் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது, உப்புக் காற்று, ஐந்து மாதத்தில் தோளில் பிள்ளை இல்லாமல் அவள் முகத்தில் பட்ட முதல் காற்று. அப்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ரெக்கை முளைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார், இவளுக்குக் காற்று சுகமாக இருக்கிறது! சீ. அந்தச் சீயைச் சொன்ன பிறகும் உடம்பு குதித்துக்கொண்டேதான் இருந்தது, வீல்சேரைத் தள்ளும்போது, "நான்தான் மருமகள், நான்தான் வந்திருக்கேன்" என்று கவுண்டரில் சொல்லும்போது, கையெழுத்துப் போடும்போது. புருஷன் ரோஷன் கப்பலில் வேலையாக இருக்கிறான், எந்தக் கடலோ, அவனுக்குப் போட்ட செய்திக்கு ஒற்றைச் சாம்பல் டிக்கோடு சரி. மாமி இறந்து ஆறு வருஷம். வேறு ஆள் இல்லை. அவள்தான். இருபத்தேழு வயதில் ஒரு உயிருக்கு மடியும், இன்னொரு உயிருக்குக் கையெழுத்தும்.

பையில் மாமாவின் சட்டை. மாரிக்கனி கழற்றிச் சுருட்டிக் கொடுத்தது. டெல்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து வெளியே எடுத்து மடிக்கப்போனபோதுதான் தெரிந்தது, சட்டைப் பாக்கெட் தடித்திருக்கிறது, தாள் கத்தை மாதிரி ஏதோ, கூடவே நீளமாக ஒன்று குத்துகிறது. என்னவோ, கறிக்கடைச் சீட்டாக இருக்கும். மாமனார் பாக்கெட்டில் மருமகள் கையை விடுவதா, துவைக்கப் போடும்போதுகூட அவரே காலி செய்துதான் போடுவார். அவள் பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே மூடிக்கொண்டாள். "புள்ள." "மாமா?" "நீ வீட்டுக்குப் போ. பிள்ள பசிக்குத் தேடும்." "அக்கா பாத்துக்கிடுவாங்க மாமா, நீங்க பேசாதியோ." "நான் எங்க பேசுதேன், நீதான் கேட்ட." "நான் ஒண்ணும் கேக்கலியே!" "அப்படியா, செரி," என்றார், மறுபடி கூரை. இவ்வளவுதான் அவர். வீட்டிலும் இவ்வளவுதான். காலையில் முற்றத்து நாற்காலியில் இடது கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கொஞ்ச நாளாகத்தான் அப்படி, "பல்வலியா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள், "ம்" என்றார், அவள் கிராம்புத் தைலத்தை மேசையில் வைத்தாள், அவர் மேசையிலிருந்து எடுத்தார்.

சரி, அந்த இடத்துக்கு மனது வந்துவிட்டது, வராமல் இருக்கத்தான் காற்று, ஆட்டோ, சட்டை என்று சுற்றிக்கொண்டிருந்தது. பத்து ஐம்பதுக்கு டாக்டர் ஃபாஹிமா மாமாவின் முகத்தருகே குனிந்து கேட்டாள், "ஐயா, இந்தப் படபடப்பு எப்ப தொடங்குச்சு?" "இன்னிக்குக் காலையிலதான்." "நேத்து, முந்தாநாள் இல்லையே? யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளுக்குள்ளன்னா, இந்த ரெண்டாவது ரத்தமும் நல்லா வந்துச்சுன்னா, மயக்கம் கொடுத்து நெஞ்சுல ஒரு சின்ன கரண்ட் வச்சுத் துடிப்ப ஒழுங்குக்குக் கொண்டு வந்துரலாம். ஆனா ரெண்டு நாளுக்கு மேல ஓடிக்கிட்டிருந்தா உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கும், கரண்ட் வச்சா அது கழண்டு நேரா மூளைக்குப் போயிரும். பக்கவாதம். அதான் கேக்குறேன்." "காலையிலதான்" என்றார் மாமா. டாக்டர் நிமிர்ந்து டெல்மாவைப் பார்த்தாள், "நீங்க கூடவே இருக்கீங்கல்ல? காலையிலதானா?" டெல்மாவின் தலை ஆடியது. வாய் ஒன்றும் சொல்லவில்லை, தலை ஆடியது. பெரியவர் சொன்னதற்கு ஆடுகிற தலை, கான்வெண்டில் மதர் பெனிட்டா "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் நாற்பது தலைகளோடு சேர்ந்து ஆடுகிற தலை. டாக்டர் எழுதிக்கொண்டாள். "இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடல இல்ல?" "ஒருசந்தி" என்றார் மாமா, டாக்டருக்குப் புரியவில்லை, "தவக்காலத்துல நோன்பு டாக்டர், மத்தியானம் வரைக்கும் வெறும் தண்ணிதான்" என்று டெல்மா சொன்னாள், அதற்கு மட்டும் வாய் வந்தது. "அட, நாங்களும் இருப்போம். நல்லதாப் போச்சு, மயக்கம் கொடுக்க வெறும் வயிறுதான் வேணும்," என்று டாக்டர் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையிலதான். ஆனால் அந்த இதயம், பிரஷர் மெஷினில் வருகிற அந்தக் குட்டி இதயம். ரோஷன் கப்பலேறும் முன் வாங்கி வைத்துவிட்டுப் போன மெஷின். மாமா அதனுடைய புத்தகத்தை டெல்மாவிடம் நீட்டி, நீட்டி என்றால் மேசையில் வைத்து, "நீ கான்வெண்ட்ல படிச்ச புள்ள, இங்கிலீசு, வாசிச்சுச் சொல்லு" என்றார், அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அவள் எட்டுப் பக்கம் வாசித்தாள், பேட்டரி போடுவது எப்படி, பட்டையைச் சுற்றுவது எப்படி. ஒன்பதாம் பக்கத்தில் பிள்ளை அழுதது, புத்தகத்தை மூடினவள்தான். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம், கோயிலில் சிலுவைப்பாதை முடித்து வந்ததும், மாமாவே பட்டையைச் சுற்றிக்கொள்வார், டெல்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்ட நின்று எண்ணை வாசிப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளி, எண்ணுக்குப் பக்கத்தில் குட்டி இதயம் ஒன்று மினுக்மினுக்கென்றது, இரண்டு பக்கமும் சின்னக் கோடுகள், இதயம் குலுங்குகிற மாதிரி. அதைப் பார்த்து இவானா சிரித்தாள், வாய் நிறைய, ஈறு தெரிய, அவள் சத்தம் போட்டுச் சிரித்த முதல் சிரிப்பு. டெல்மா அதைப் படம்கூட எடுத்து ரோஷனுக்கு அனுப்பினாள், மெஷினை இல்லை, சிரிப்பை. அடுத்த வெள்ளியும் மினுக்கியது. அதற்கடுத்த வெள்ளியும். நேற்றுப் பெரிய வெள்ளி, மெஷினை எடுக்கவில்லை. மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தாள். இப்போது அவள் கைபேசியை எடுத்தாள், இங்கிலீஷில் அடித்தாள், பிரஷர் மெஷினில் மினுக்கும் இதயம், ஒரு நொடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. துடிப்பு ஒழுங்கில்லை. டாக்டரைப் பாருங்கள். கான்வெண்டில் படித்த புள்ள. ஒன்பதாம் பக்கம். மணி பதினொன்று ஐந்து. மூன்று வாரம், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம், என் தலை ஆடியது, எழுதிக்கொண்டாள், என் தலை.

ஒன்று தெரிந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருகிறது. மாத்திரை டப்பா. காலை, மதியம், இரவு என்று ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட டப்பா, ஞாயிறுதோறும் அவள்தான் நிரப்புவது, காலைக் கட்டத்தின் மேல் மார்க்கரால் அவள்தான் எழுதியது, குண்டுகுண்டு கான்வெண்ட் எழுத்தில், "காலை – சாப்பிட்ட பின்". துடிப்பை அடக்குகிற, பிரஷரைக் குறைக்கிற மாத்திரை. தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு டப்பாவைத் திறந்தால் காலைக் கட்டங்கள் ஏழும் நிறைந்திருந்தன. மாமாவே நிரப்பிவிட்டார் போல, நல்லது, ஒரு வேலை மிச்சம் என்று மூடிவைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே, ஒரு வேலை மிச்சம், நன்றி மாமா. இப்போது, அவசரப் பிரிவின் நாற்காலியில், குளிர்ந்த இரும்பு மாதிரி அது உள்ளே இறங்குகிறது: ஞாயிறுகூட விடாமல் ஒருசந்தி பிடிக்கிறவர் காலையில் சாப்பிடவில்லை. சாப்பிடாதவருக்குச் சாப்பிட்ட பின் ஏது? எழுதியிருப்பதை எழுதியபடியே செய்கிற மனுஷன், ஆயிரம் மூட்டையில் ஒரு மூட்டை குறைந்தால் கப்பலை நிறுத்துகிறவர், அவரிடம் போய் "சாப்பிட்ட பின்" என்று எழுதிவைத்தால். தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனிலிருந்து ஒரு காலை மாத்திரையும் உள்ளே போகவில்லை. நான் எழுதியது. என் எழுத்து.

ஒன்பது வயதில் முதல் பாவசங்கீர்த்தனம், மதர் பெனிட்டா எல்லோரையும் சாமியாரிடம் சொல்லப் பாவங்களை நினைத்துக்கொண்டு வரச்சொன்னாள், டெல்மாவிடம் இரண்டுதான் இருந்தன, அம்மாவை எதிர்த்துப் பேசினது, தம்பியைக் கிள்ளினது, இரண்டை வைத்துக்கொண்டு எப்படி முழங்காலில் நிற்பது என்று பக்கத்துப் பெஞ்சு ஷெரினிடம் ஒன்று கடன் கேட்டாள். "மாங்கா திருடுனேன்னு சொல்லு, நான் அதத்தான் சொல்லப்போறேன்." சொன்னாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார், "எந்த மரத்துல மகளே?" என்றார். வேர்த்துவிட்டது. "சிஸ்டருங்க மரத்துல, ஃபாதர்." "அது புளியமரம்லா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு இல்லாத பாவத்தைச் சொல்ல எவ்வளவு வேகம். இன்றைக்கு இருக்கிறதைச் சொல்ல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஈஸ்டர், ஊரெல்லாம் இன்றைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும். எழுந்தாள். டாக்டர் எங்கே? பதினொன்று நாற்பதுக்கு எழுந்தாள், அப்போதுதான் பைக்கில் விழுந்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், டாக்டர் ரத்தத்துக்குள் குனிந்துவிட்டாள், டெல்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு ஆசுவாசம், அந்த ஆசுவாசத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை. மாமா விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், காது கூர்மை, அவர் முன்னால் அவர் சொன்னது பொய் என்று சொல்வதா; ரோஷன் கேட்டால், என் அப்பாவைக் கொல்லப்பார்த்தது உன் கையெழுத்தா என்பானா, என்ன சொல்வான், சொல்ல மாட்டான், சொல்லாமல் பார்ப்பான். கரண்ட் வைக்காவிட்டால் அப்புறம் என்ன செய்வார்கள், இப்படியே ஓடி ஓடி நின்றுவிடுமா. அதோடு இன்னொன்று, அடியில், கறுப்பாக: இரண்டாவது எண் ஏறிவிட்டால் திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுவார்கள், கரண்ட் பேச்சே இருக்காது, நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. ஏறட்டும். ஐயோ, ஏறட்டும் என்றா நினைத்தேன்? நான் நினைக்கவில்லை, அது தானாக வந்தது, போ, போ, ஏறக்கூடாது, முப்பத்தொன்றிலேயே நில், சேசுவே, அவர் இதயம் அப்படியே நிற்கட்டும், நிற்க வேண்டாம், எண் நிற்கட்டும், இதயம் ஓடட்டும்.

பன்னிரண்டரைக்குப் புனிதாக்கா போன் செய்தாள். "ஏட்டி, சங்குல ஊத்துனேன், உம் மவ என் மூஞ்சியிலயே துப்பிட்டா. உனக்கு இருக்க கொழுப்பு அவளுக்கும் இருக்கு. அப்புறம் நாலு சங்கு குடிச்சிட்டுத் தூங்கிட்டா, நீ பதறாத. பெரியவரு எப்படி இருக்காரு?" பின்னால் எங்கோ பிள்ளையின் சிணுங்கல், அவ்வளவுதான், ஒரு சிணுங்கல், டெல்மாவின் நெஞ்சில் சுரீரென்று இறங்கியது, பால், இரண்டு பக்கமும், குனிந்து பார்ப்பதற்குள் சுடிதார் நனைந்து, மடியில் இருந்த மாமாவின் சட்டையும் நனைந்து, பாக்கெட்டின் மேல் வட்டமாக ஒரு ஈரம். மாரிக்கனி பார்த்துவிட்டாள். "எக்கா, பால் கட்டிருக்கா? இப்படியே இருந்தா காய்ச்சல்ல விழுந்துருவீங்க, அப்புறம் அஞ்சாம் கட்டிலு உங்களுக்குத்தான். வாங்க, எங்க ரூம்ல போய்ப் பீச்சி விட்டுட்டு வாங்க, நான் ஐயாவப் பாத்துக்கிடுதேன்." தாழிட்ட சின்ன அறையில், வாஷ்பேசினில், குழாய்த் தண்ணீரோடு வெள்ளையாகச் சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வீணாகப் போகிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காவிட்டால் கட்டிக்கொள்கிறது, கட்டியாகிறது, வலிக்கிறது, என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது, அவள் உடம்பிடம் "தெரியும், தெரியும், சும்மா இரு" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒன்று இருபதுக்கு ஊசி. இந்தத் தடவை அவளாகவே பஞ்சைப் பிடித்தாள். ஒன்று ஐம்பதுக்கு டாக்டர் ஃபாஹிமா ஏறக்குறைய ஓடிவந்தாள், முகமெல்லாம் பல், "முப்பத்திரண்டு! ஏறல, ஒண்ணு கூடுனது கூடுனதே இல்ல. அட்டாக் இல்ல ஐயா, உங்க இதயத்துக்கு அடி ஒண்ணும் படல!" டெல்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாய்க்குள் வந்தது, மாரிக்கனி கைதட்டினாள், மாமா கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். சந்தோஷம், சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே டாக்டர் ஒரு தாளை நீட்டினாள், "பெரிய டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், காலையில தொடங்குனதுதானே, கரண்ட் வச்சிரலாம்னு சொல்லிட்டாரு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, சாயங்காலம் நல்ல துடிப்போட இருப்பாரு." பேனா கையில் வந்துவிட்டது. தாளில் கோடு போட்ட இடம். டெல்மாவின் டி வரைக்கும் பேனா போனது. மூளைக்குப் போயிரும். நேரா மூளைக்கு. அவள் பேனாவை எடுத்தாள். "டாக்டர், காலையில இல்ல," என்றாள், குரல் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது, அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது, இனி நிறுத்த முடியவில்லை, "மூணு வாரம் டாக்டர், பிரஷர் மெஷின்ல இதயம் மினுக்குச்சு, மூணு வெள்ளிக்கிழமை மினுக்குச்சு, எனக்கு அர்த்தம் தெரியல, நான் வாசிக்கல, தெரிஞ்சப்புறமும் சொல்லல, மாத்திரையும் அவரு சாப்பிடல, சாப்பிட்ட பின்னுன்னு நான்தான் எழுதிவச்சேன், அவரு ஒருசந்தி, காலையில சாப்பிடவே இல்ல, நாப்பது நாளா ஒரு மாத்திரையும், எல்லாம் என் தப்பு, கரண்ட் வைக்காதீங்க, வைக்காதீங்க டாக்டர்!"

டாக்டர் தாளைப் பின்னுக்கு இழுத்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "மூணு வாரமா? உறுதியாவா? ஐயா காலையிலதான்னு சொன்னாரே." டெல்மா மாமாவின் பக்கம் திரும்பவில்லை, திரும்ப முடியவில்லை, மானிட்டரைப் பார்த்தாள், பச்சைக் கோடு முண்டியடித்துக்கொண்டு ஓடியது. கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இருபத்திரண்டு நாள்." அப்புறம், "புள்ள, சட்டைப் பையில கைய விடு." அவள் தயங்கினாள். "விடு, ஒண்ணும் செய்யாது. பாம்பா கிடக்கு?" விட்டாள். நாள்காட்டியில் கிழித்த தாள்கள், நாலாக மடித்தவை, பின்பக்கம் முழுக்கக் கோடுகள், நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று, நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று, துறைமுகத்தில் மூட்டைக்குப் போட்ட அதே கோடு; கூட ஒரு குட்டைப் பென்சில், ஈரம் பட்டால் ஊதாவாக மாறுகிற பழைய காலத்துப் பென்சில், துறைமுகத்திலிருந்து அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். முதல் தாளில் மேலே கொஞ்சம் சீராகப் போய், நடுவில் ஓரிடம் வெறுமையாக விட்டிருந்தது, அப்புறம் மூன்று கோடு ஒட்டி, அப்புறம் வெறுமை. கோடு போட்டவை இருபத்திரண்டு தாள். மூலையில் மணி, காலை ஆறு, ஆறு, ஆறு. கழுத்தில் கை. பல்வலி இல்லை, துடிப்புக்கு ஒரு கோடு. அவளுடைய பால் பட்ட இடத்திலெல்லாம் கோடுகள் ஊதாவாகப் பூத்திருந்தன, மேல் தாளில், அதற்கடுத்ததில். "ஏன் ஐயா சொல்லல?" என்று டாக்டர் கேட்டாள், கோபமாகத்தான். மாமா சொன்னார், "மகன் கடல்ல கிடக்கான். இது பச்சப்பிள்ளக்காரி. பயந்துச்சுன்னா பால் வத்திரும்." அப்புறம் டெல்மாவின் பக்கம், "மாத்திரைக்கு உன்ன யாரு குத்தம் சொன்னா? எழுதியிருந்ததப் பாத்தேன், சாப்பிடல, போடல. கேட்டிருக்கணும். நான் கேக்கல." டாக்டர் ஃபாஹிமா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள், "யா அல்லாஹ், எங்க மெஷின்கூட இவ்வளவு சுத்தமா எழுதாது" என்றாள், பெரிய டாக்டருக்குப் போன் போடத் திரும்பியவள் ஒரு நிமிஷம் நின்று, "நீங்க சொல்லலன்னா நான் வச்சிருப்பேன்" என்றாள், டெல்மாவிடம், மெதுவாக. கரண்ட் இல்லை என்று முடிவானது. ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்குகிற பழைய மாத்திரை, சில வாரம் கழித்து, உள்ளே கட்டி இல்லை என்று பார்த்த பிறகு, வேண்டுமானால் கரண்ட். "சாப்பிட்ட பின்னா, முன்னாடியா டாக்டர்?" என்று டெல்மா கேட்டாள். "சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும்," என்றாள் டாக்டர், "அத அப்படியே எழுதி ஒட்டுங்கம்மா, பெருசா."

இரண்டரை மணி ஆகிவிட்டது, மறுபடி பால் கனக்கிறது, ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம், போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும், மாரிக்கனி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது, டெல்மா எழுந்துவிட்டாள், பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "புள்ள, பென்சிலத் தா," என்றார் மாமா. கொடுத்தாள். மேசை இல்லை நடுவில், கையிலிருந்து கைக்குக் கொடுத்தாள். "இன்னிக்குக் காலையில எண்ணல. விட்டுப்போச்சு." நாள்காட்டியில் இன்றைய தாளும் கத்தையோடுதான் இருந்தது, பின்பக்கம் வெறுமையாக. "கப்பல்ல ஒருத்தன் மூட்டையப் பாத்துப் பாத்துக் கூப்பிடுவான், ஒருத்தன் கோடு போடுவான். ரெண்டையும் ஒருத்தனே செஞ்சாத்தான் தப்பு வரும். நீ கூப்பிடு." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். தேடினாள். இருந்தது. "உம்," என்றாள். ஒரு கோடு. "உம். உம்." இன்னும் இரண்டு. "உம்." குறுக்கே போட அவர் பென்சில் காத்திருந்தது, விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, கடிகாரம் தட்டிக்கொண்டு போகிறது, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள், அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறார், வா, வா, வா, "உம்!" என்று கத்திவிட்டாள், அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார், மாமா குறுக்கே ஒரு கோடு இழுத்தார், ஈரம் காயாத தாளில் அது ஊதாவாக விழுந்தது.